பல்லக்கா மாடியில் ஒரு வெள்ளைக் காக்கை

அக்காவைப் பார்க்க ஆறு வருடமாக வழி தெரியாமலிருந்த தம்பிக்கு, ஒரு காக்கையைப் பார்க்க மட்டும் வழி தெரிந்துவிட்டது. லீவு சொன்னான், டிக்கெட் எடுத்தான், போதாததற்குப் புதிதாக ஒரு லென்ஸ் வேறு வாங்கினான். இப்படித் தொடங்கினால் தம்பி கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். கெட்டவனெல்லாம் இல்லை, மறதிக்காரன். அக்கா எங்கே போய்விடப்போகிறாள் என்று தைரியமாக இருந்தவன். வீட்டுச் சுவர் பத்திரமாக இருக்கிறதா என்று யாராவது லீவு போட்டுவிட்டு வந்து பார்ப்பார்களா?

அந்த அக்காவுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். பால்காரர் முதல் மின்கணக்கு எடுக்க வருகிறவர் வரை தெருவுக்கே அவள் பல்லக்கா. பல் எடுப்பாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. அவள் பல் கட்டுகிற லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கானில் சுட்டெடுத்து, நிறம் ஏற்றி, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவள் கட்டிய பல்லால்தான் கடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள். அதில் ஒருவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தெருவில் யாராவது பளிச்சென்று சிரித்துக்கொண்டு போனால், நம்ம வேலையாக இருக்குமோ என்று நின்று பார்ப்பாள். பார்த்தால் தெரியாது. தெரிந்துவிட்டால் அது வேலையே இல்லை என்பார் லேப் முதலாளி.

நிறம் பார்ப்பதில்தான் அவள் கெட்டிக்காரி. பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு. விசிறி மாதிரி விரிகிற ஒரு பட்டையில் பதினாறு மாதிரிப் பற்களைக் கோத்து வைத்திருப்பார்கள். ஷேட் கைடு என்று பெயர். டாக்டர் அனுப்புகிற பல்லின் போட்டோவோடு மற்றவர்கள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் இப்படிப் பிடித்து அப்படிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார்கள். பல்லக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டீ நிறைய குடிக்கிறவர் பல்லு இது, ஈறோரம் கொஞ்சம் பழுப்பு ஏத்தணும்" என்பாள். சரியாகத்தான் இருக்கும். நிறத்தை நம்பிப் பிழைத்த பிழைப்பு. அந்த நிறமே பிற்பாடு அவள் காலை வாரிவிட்டது.

கல்யாணம் ஆயிற்று. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தார்கள், ஒத்துவரவில்லை, சண்டை சச்சரவு இல்லாமல் அவர் ஒரு பக்கம் இவள் ஒரு பக்கம் போய்விட்டார்கள். பிறகு அம்மா படுக்கையில் கிடந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டாள். யாராவது இதைத் தியாகம் என்றால் பல்லக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் ஒண்ணும் மெழுகுவத்தி இல்ல. மெழுகு வேலை செய்யறவ" என்பாள். தம்பியும் இவள் தயவில் படிக்கவில்லை. அவனாகப் படித்தான், அவனாக வேலை தேடிக்கொண்டான், ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தால் வருகிற ஊரில் மனைவியும் கேமராவுமாக இருக்கிறான். அம்மா போனபோது வந்தான். அதற்கப்புறம் வரவில்லை. போன் செய்வான், பிறந்தநாளைக்கு. சில வருடம் அதற்கு மறுநாள்.

சின்ன வயதில் அவர்கள் இரண்டு பேரும் வாய் ஓயாத ஆட்கள். ஒரே தட்டில் இருந்து பிடுங்கித் தின்றுகொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, அம்மா "வாயில துணியை வெச்சு அடைக்கட்டுமா" என்று கத்தும்வரை பேசுவார்கள். இப்போது பல்லக்கா ஒரு மாடியறையில் குடியிருக்கிறாள். மூன்று மாடி ஏறினால் திறந்த தளம், தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் ஒற்றை அறை, ஒரு குளியலறை. வாடகைக்கு எடுத்தபோது வீட்டுக்காரர், "தொந்தரவே இருக்காதும்மா, ஒரு ஈ காக்கா வராது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அவர் சொன்னதில் ஈ வரை சரி. லேபில் திங்கள் முதல் சனி வரை மோட்டார் சத்தத்தில் குனிந்த தலை நிமிராமல் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாய் திறக்க ஆள் இருக்காது. திங்கட்கிழமை காலை பால்காரரிடம் பேசுகிற முதல் வார்த்தை கரகரவென்று வரும். "என்னக்கா, சளியா?" என்று அவர் கேட்பார். "ஆமாம்" என்பாள். வேறென்ன சொல்வது?

ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண்தான் அவளைப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். மாடியில்தானே இருக்கீங்க, பொழுது போகும் என்றாள். நானூறு பேர் இருக்கிற குழு. பல்லக்கா குருவியைப் படம் எடுத்துப் போட்டாள். யாரோ ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். மைனாவைப் போட்டாள், கட்டைவிரல்கூட வரவில்லை. மற்றவர்கள் காட்டுக்கும் ஏரிக்கும் போய் என்னென்னவோ எடுத்துப் போடுகிற இடத்தில் மைனா எடுபடுமா? அதன் பிறகு அவள் எதுவும் போடவில்லை. மற்றவர்கள் பேசுவதை மட்டும் இரவு சாப்பிடும்போது படிப்பாள்.

அந்த வருடம் தொட்டிக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு ஜோடிக் காக்கை கூடு கட்டியது. பல்லக்கா ஒரு தட்டில் பாலில் நனைத்த ரஸ்க் வைப்பாள். தாய்க் காக்கை கொத்திக்கொண்டு மேலே போகும். கூட்டிலிருந்து ஒரே ஒரு குஞ்சு இறங்கி வந்தது. உட்கார்ந்திருந்தபோது சாதாரணக் காக்கையாகத்தான் இருந்தது, கொஞ்சம் நோஞ்சான், அவ்வளவுதான். சிறகை விரித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு சிறகிலும் அகல அகலமாக வெள்ளை. வாலிலும் வெள்ளை. பறந்தால் கறுப்புச் சட்டைக்குள்ளிருந்து வெள்ளைத் துணி உதறுகிற மாதிரி இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடிச்சுவரில் அது காத்திருக்கும். சாயங்காலம் அவள் மாடிப்படி ஏறுகிற செருப்புச் சத்தம் கேட்டு ஒரு முறை கத்தும். ஊர் முழுக்கக் காக்கை இருக்கிறது; ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று மாதிரியே இருக்கும், நேற்று வந்ததுதான் இன்றும் வந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. இது அப்படி இல்லை. இது வந்தால் இதுதான் வந்தது என்று தெரியும். அவளைத் தேடி ஒரு உயிர் தினமும் வருகிறது, அதே உயிர் வருகிறது என்பது பல்லக்காவுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

துணிந்து ஒரு நாள் அது சிறகை விரித்த படத்தைக் குழுவில் போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கே வந்துவிட்டது. இது காக்காவே இல்லை, பனிப்பிரதேசத்துப் பறவை வழி தவறி வந்திருக்கிறது என்றார் ஒருவர். காக்காவுக்கும் புறாவுக்கும் பிறந்தது என்றார் இன்னொருவர். பிறவியிலேயே உடம்பில் நிறம் ஊறாத அல்பினோ என்றார் ஒருவர். அல்பினோவாக இருந்தால் கண் சிவந்திருக்கும், இதன் கண் கறுப்பு என்று வேறொருவர் அவரை மடக்கினார். பெயின்ட் டப்பாவில் விழுந்து எழுந்திருக்கும் என்றும் ஒரு கட்சி. கடைசியில் டாக்டரம்மா வந்தார். குழுவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பது அவர் ஒருவர் பேச்சைத்தான். ஆடு மாடு பார்க்கிற டாக்டர், பறவையென்றால் உயிரை விடுவார்.

"நிறம் மாறியிருக்கிற பறவையைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல நிறத்தை மறந்துடுங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அலகு எப்படி இருக்கு, கால் எப்படி இருக்கு, நடக்குதா தத்துதா, யாரோட சுத்துது, எப்படிக் கத்துது, அதைப் பாருங்க. இது நம்ம ஊர்க் காக்காதான். வெள்ளை ஏன் வந்துச்சுன்னு படத்தை வெச்சு என்னால சொல்ல முடியாது."

காக்காதான் என்று தெரிந்த பிறகும் யாரும் விடவில்லை. 'எப்படி இருக்கு நம்ம வெள்ளையன்?' என்று காலையில் நாலு பேராவது கேட்டார்கள். படம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. தம்பி. பிறந்தநாள் இல்லை, ஒன்றும் இல்லை.

"அக்கா! எங்க போட்டோக்காரங்க குழுவுல ஒரு படம் வந்துச்சு. பின்னாடி தெரியற தண்ணித் தொட்டி நம்ம பழைய வீட்டுத் தொட்டி மாதிரியே இருக்கேன்னு பார்த்தா, கீழ உன் பேரு! நெஜமாவே உன் மாடியிலதானா?"

"என் மாடியிலதான்டா. இப்பக்கூட எதிர்ல உக்காந்திருக்கு."

"வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குதுன்னு எவனோ காது குத்துறான்னுல்ல நெனச்சேன்! அக்கா, அதை விட்டுடாத. பத்திரமா பாத்துக்கோ. வருஷக் கடைசி லீவுல நான் வரேன்."

பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் யாருக்காக வருகிறான் என்று தெரியாத அளவுக்கு அவள் அசடு இல்லை. தெரிந்தது, சுருக்கென்று வலிக்கவும் செய்தது. ஆனால் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தால் என்ன, யார் தள்ளி விழுந்தால் என்ன, பழம் கீழே வந்தால் சரி. அவன் படுக்க மெத்தை வேண்டுமே என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போய் விலை விசாரித்துவிட்டு வந்தாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். "எப்படி இருக்கு?" என்றுதான் தொடங்குவான், காக்கையைத்தான் கேட்கிறான். ஆனாலும் நாலு வார்த்தை காக்கையைப் பற்றிப் பேசினால் ஐந்தாவது வார்த்தை வேறு எங்காவது போகாதா? போயிற்று. ஒருநாள் முதலாளியைக் கிண்டல் செய்தார்கள், ஒருநாள் அம்மா வைக்கும் தண்ணீர்க் குழம்பை. திங்கட்கிழமை காலைகளில் பால்காரர் சளியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மழை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு காக்கை ஒரு இறகை உதிர்த்தது. பல்லக்கா அதை எடுத்துப் பார்த்தாள். உடனே அவளுக்குள் இருக்கிற நிறக்காரி விழித்துக்கொண்டாள். லேபுக்குக் கொண்டுபோய் ஷேட் கைடைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். பி-ஒன். பதினாறிலேயே சுத்தமான வெள்ளைகளில் ஒன்று, மஞ்சளோ பழுப்போ துளி இல்லை. இவ்வளவு சுத்தமாக இருந்தால் பிறவியிலேயே வந்த வெள்ளையாகத்தான் இருக்கும், நோய்நொடியால் வந்திருந்தால் மங்கலாக அல்லவா இருக்கும் என்று முடிவு கட்டினாள். பல் பார்த்த கண் வேறு எப்படி நினைக்கும்? இறகையும் மாதிரிப் பல்லையும் சேர்த்துப் படம் எடுத்துப் பெருமையாக டாக்டரம்மாவுக்குத் தனியாக அனுப்பினாள். அவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"பக்கத்துல எதுக்கும்மா பல்லு?"

அவள் விளக்கினாள். அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது, பிறகு நின்றது.

"வெள்ளை எவ்வளவு வெள்ளைங்கறது விஷயமே இல்லம்மா. இறகோட ஓரத்தைப் பாருங்க. நைஞ்ச துணி மாதிரி பிஞ்சிருக்கு. அப்புறம் வெள்ளை முழுசா இல்ல, குறுக்க பட்டை பட்டையா இருக்கு. நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இது பெரும்பாலும் பிறவி வெளுப்பு இல்ல. இறகு முளைக்கறப்போ உடம்புல சத்து இல்லாம வர்ற வெளுப்பு. அது என்ன சாப்பிடுது?"

"ரஸ்க்குங்க."

"ரஸ்க்கா?"

"வெறும் ரஸ்க்கு இல்லைங்க. பால்ல நனைச்சுத்தான்" என்றாள் பல்லக்கா.

"மத்த காக்கா எல்லாம் எலி, புழு, மீன் குடல்னு ஊரெல்லாம் மேயுது. இது மேயப் போகுதா?"

"எங்கயும் போகாதுங்க. காலையில இருந்து என் மாடியிலயேதான்." இதைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அதாம்மா விஷயம்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "குஞ்சா இருந்தப்போ அம்மாக்காரி ஊட்டினதும் உங்க ரஸ்க்குதான் போல. பால் காக்காவுக்குச் செரிக்கவும் செரிக்காது. பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம். இப்ப இறகு உதிர்ற சமயம். அவிச்ச முட்டை குடுங்க, கறித்துண்டு, சின்ன மீன் குடுங்க. புதுசா முளைக்கறதெல்லாம் கறுப்பா, கெட்டியா வரும். இந்த இறகை வெச்சுக்கிட்டு மழைக்காலம் தாங்காதும்மா. நனைஞ்சா பறக்க முடியாது."

"எல்லாமே கறுப்பா ஆயிடுமா?"

"ஆயிடும், ஆயிடும். மத்த காக்கா மாதிரியே ஆயிடும்" என்று அவர் தைரியம் சொன்னார்.

அன்று ரஸ்க் தட்டைப் பார்க்கவே பல்லக்காவுக்குக் கூசியது. ஊரே அதிசயம் என்று கொண்டாடிய வெள்ளை, அவள் போட்ட பட்டினி. மறுநாள் காலை ஒரு முட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கறுத்துவிட்டால் அவன் எதற்கு வருவான்? கறுப்புக் காக்கை அவன் ஊரில் இல்லையா? முட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வருஷக் கடைசி வரைக்கும்தானே, அவன் வந்து பார்த்துவிட்டுப் போனதும் முட்டை என்ன, கோழியையே கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரஸ்க்கை நனைத்தாள். பால் சேராது என்றார்களே என்று தண்ணீரில் நனைத்தாள். அதுதான் அவள் மனசாட்சிக்குக் கொடுத்த லஞ்சம்.

டாக்டரம்மா கேட்டபோது, "முட்டைதாங்க குடுக்கறேன்" என்று வாய் கூசாமல் சொன்னாள். தம்பியிடம் இறகு பற்றி மூச்சு விடவில்லை. அவன் டிக்கெட் எடுத்துவிட்டான்.

பொய்யைப் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? முதல் பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை அவள் படியேறி வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டு அது எதிர் வீட்டுக் கூரையிலிருந்து கிளம்பியது. எப்போதும் வருகிற தூரம்தான். சிறகில் பாதி இறகு உதிர்ந்திருந்தது, மிச்சம் நனைந்து நைந்திருந்தது. பாதி வழியில் கீழே இறங்க ஆரம்பித்தது. சிறகை அடித்தது, அடித்தும் ஏறவில்லை. கைப்பிடிச்சுவருக்கு ஒரு முழம் கீழே சுவரில் மோதி, கேபிள் ஒயரைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது. மற்ற காக்கைகள் கூடி நின்று கத்தின; ஒன்றிரண்டு வந்து அதைக் கொத்தின. பல்லக்கா சுவரில் வயிற்றை அழுத்திக் கவிழ்ந்து, கையில் கிடைத்த துடைப்பத்தால் அவற்றை விரட்டினாள். "வராத! எனக்காக வராத!" என்று கத்தினாள். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள், பல்லக்காவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதா என்று வாய் பிளந்து பார்த்தாள்.

அது எப்படியோ புரண்டு எழுந்து, தத்தித் தத்தி மேலே வந்து, தட்டுக்குப் பக்கத்தில் நின்று வழக்கம்போல ஒரு முறை கத்தியது. ரஸ்க் கேட்டது. பல்லக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். பாவி, நான் பாவி என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு முட்டையை வேகப் போட்டாள்.

முட்டை, கறித்துண்டு, மீன் தலை. மீன் வாங்கப் போன இடத்தில், "என்னக்கா, வீட்டுல விருந்தாளியா?" என்று கேட்டார்கள். மாடியிலும் விருந்து நாற்றம் பரவியது. இதுவரை ரஸ்க்கை மோந்துகூடப் பார்க்காத காக்கைகள் எல்லாம் பந்திக்கு வந்துவிட்டன. சிறகில் புது இறகு ஒவ்வொன்றாக முளைத்தது. எல்லாம் கறுப்பு, எண்ணெய் தேய்த்த மாதிரிப் பளபளவென்று. வெள்ளை ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று என்று குறைந்து, கடைசியில் இடது சிறகில் ஒரே ஒரு கோடு நின்றது. அந்தக் கோடு இருக்கும்வரை அவள் அதைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் சாயங்காலம் செருப்புச் சத்தத்துக்கு நாலைந்து காக்கைகள் சேர்ந்து கத்தின. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஒவ்வொன்றும் சிறகை விரிக்கும்வரை காத்திருந்து பார்த்தாள். எதிலும் வெள்ளை இல்லை.

டாக்டரம்மா சொன்னபடி நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தாள். அலகைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள், குரலைக் கேட்டாள். எல்லாம் காக்கை அலகு, காக்கை நடை, காக்கைக் குரல். நோஞ்சானாக இருந்தபோது தலையைச் சாய்த்து நிற்குமே என்று தேடினாள். இப்போது அது நோஞ்சான் இல்லை. அது அங்கேதான் இருந்தது, நன்றாக இருந்தது. அவளுக்குத்தான் அது இல்லாமல் போய்விட்டது.

குழுவில் உண்மையைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகக் காணோம் என்று மட்டும் எழுதினாள். அடுத்த வாரமே யாரோ ஒரு மஞ்சள் நிறக் கிளியின் படத்தைப் போட்டார்கள், நானூறு பேரும் அதன் பின்னால் போய்விட்டார்கள். தம்பி மட்டும் ஞாயிற்றுக்கிழமை கேட்டான்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

வந்தான். காதோரம் நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவன், "எங்கக்கா?" என்றான். பல்லக்கா ஒரு நொடி, தன்னைத்தான் தேடுகிறானோ என்று நினைத்துவிட்டாள்.

"வரும். முதல்ல காபி குடி."

காபியைக் கையில் வாங்கிக்கொண்டே போய்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். முக்காலியில் கேமராவைப் பொருத்தி, மேலே ஒரு பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டான். அவள் லேபில் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தாள். பேசுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உனக்கு ஞாபகம் இருக்காடா" என்று ஆரம்பித்தபோது, துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது.

"ஸ்ஸ்... சத்தம் போடாதக்கா. பயந்துடும்."

அவள் எழுந்துபோய்க் காய் நறுக்கினாள். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. முதுகாவது தெரிகிறதே என்று இருந்தது. அந்த முதுகுக்கு முன்னால், கைப்பிடிச்சுவரில், கறுப்புக் காக்கைகள் வந்து முட்டையைத் தின்றுவிட்டுப் போயின. அவன் ஒன்றைக்கூடப் படம் எடுக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டில்தான் மனிதனானான். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டான், அம்மா மாதிரியே பேசிக் காட்டினான், இவள் புரையேறும்வரை சிரித்தாள். புது மெத்தையில் படுத்தவன், "நாளைக்குக் கண்டிப்பா வரும்ல?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான். அவன் குறட்டைச் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அறைக்குள் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள்.

மறுநாளும் முதுகுதான். அதற்கு மறுநாள் காலை பத்தரைக்கு அவனுக்குப் பஸ். விடிந்ததிலிருந்து துணிக்குள் உட்கார்ந்திருந்தவன், ஒன்பது மணிக்கு எழுந்து காலை உதறினான். அவள் முட்டையைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து காக்கைகள் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றன.

"இனிமே வராதுக்கா" என்றான் தம்பி. "செத்துப்போயிருக்கும். அந்த மாதிரி இருக்கறதெல்லாம் ரொம்ப நாள் தாங்காதுன்னு எங்க ஆளுங்க அப்பவே சொன்னாங்க."

அதை மட்டும் அவளால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சாகலடா. நல்லா இருக்கு. இதுல ஒண்ணு."

"எதுல?"

"இந்தக் கூட்டத்துல. எதுன்னு எனக்கும் தெரியல. வெள்ளை போயிடுச்சு. ரஸ்க்கால வந்த வெள்ளை, முட்டை குடுத்தேன், போயிடுச்சு. ரெண்டு மாசம் ஆச்சு."

தம்பி காக்கைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. கோபம் வந்தால் சின்ன வயதிலும் அவனுக்கு அங்கேதான் சிவக்கும்.

"ரெண்டு மாசமா! அப்ப வாராவாரம் நல்லா இருக்குன்னு சொன்னியே? டிக்கெட்டு, லீவு, லென்ஸு... ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனேக்கா!"

"தெரியும்டா" என்றாள் பல்லக்கா. "அதான் சொல்லல."

அவன் கேமராவை முக்காலியிலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தான், ஜிப்பை இழுத்தான், பாதியில் விட்டுவிட்டான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் பக்கத்தில் வந்து கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றான். காக்கைகள் முட்டையைத் தின்று முடித்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியாகப் போனதை இருவரும் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.